கீழ் ஃப்ரீசர் ஃப்ரிட்ஜ்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேலே ஃப்ரிட்ஜ் அறையும் கீழே ஃப்ரீசரும் கொண்ட இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜுகளை வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், வாங்கிய பிறகு குளிர்ச்சி குறைந்தோ தண்ணீர் கசிந்தோ குழம்புபவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. தமிழ்நாட்டு வீடுகளின் வெயில், மின்சாரம், சமையல் பழக்கம் ஆகியவற்றை மனத்தில் வைத்தே இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன.

கீழ் ஃப்ரீசர் ஃப்ரிட்ஜ் எந்த வகையில் வேறுபட்டது?

ஃப்ரீசர் இருக்கும் இடம் மாறுவதால் மற்ற எல்லாத் தட்டுகளின் உயரமும் மாறுகிறது என்பதே முதன்மையான வேறுபாடு. மேல் ஃப்ரீசர் வகையில் காய்கறி டிராயர் தரையை ஒட்டி இருக்கும். ஒரு கத்தரிக்காய் எடுக்கவும் குந்த வேண்டும். கீழ் ஃப்ரீசர் வகையில் அதே டிராயர் ஏறத்தாழ இடுப்பு உயரத்துக்கு வந்துவிடுகிறது. பால், தயிர், மாவு, குழம்புப் பாத்திரம் ஆகியவை நின்றபடியே கைக்கு எட்டும். ஃப்ரீசரில் தட்டுகளுக்குப் பதிலாகப் பெரும்பாலும் இழுக்கும் டிராயர்கள் இருக்கும். ஐரோப்பிய வீடுகளில் 60 செ.மீ. அகலமுள்ள கீழ் ஃப்ரீசர் ஃப்ரிட்ஜ் நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ளது. நம் ஊரில் மேல் ஃப்ரீசர்தான் பழகிய அமைப்பு என்பதால் இது புதுமையாகத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டுக்கு இது பொருந்துமா?

விலை, நிறம், திரையில் தெரியும் எண்கள் ஆகியவற்றைப் பார்ப்பதற்கு முன், ஒரு நாளில் எந்தக் கதவு எத்தனை முறை திறக்கப்படுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். இட்லி மாவு, பால், தயிர், கீரை, மீந்த சாம்பார் என்று மேலறையையே நம்பி வாழும் வீடுகளில் ஃப்ரீசர் திறக்கப்படுவது ஐஸ்கிரீமுக்கும் பட்டாணிக்கும் மட்டும்தான். அத்தகைய வீட்டுக்குக் கீழ் ஃப்ரீசர் மிக நன்றாகப் பொருந்தும். முதுகு வலியோ மூட்டு வலியோ உள்ளவர்கள் அடுப்படியைக் கவனிக்கும் வீடாக இருந்தால் இந்த வசதிக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம்.

மாறாக, ஞாயிற்றுக்கிழமை வாங்கிய மீனையும் கறியையும் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்து உறைய வைத்து, அதிலிருந்து தினமும் ஒன்றை எடுத்துச் சமைக்கும் வீட்டில் கணக்கு தலைகீழாகிறது. அங்கே தினமும் குனிந்து, டிராயரை இழுத்து, அடியில் உள்ள பொட்டலத்தைத் தேட வேண்டியிருக்கும். கோடையில் மணிக்கொரு முறை ஐஸ் எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் மேல் ஃப்ரீசரே எளிது. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஐஸ்கிரீம் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கி வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதவு சரியாக மூடப்படாமல் கிடப்பதற்கு அதுவே காரணமாகிவிடும்.

உயரம் குறைந்தவர்கள் கடையிலேயே ஃப்ரிட்ஜின் முன் நின்று, மேல் தட்டின் பின்பகுதி வரை கை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இதை விற்பனையாளர் சொல்லமாட்டார்.

மின்சாரம் கூடுதலாகச் செலவாகுமா?

ஒரே கொள்ளளவும் ஒரே தரமும் உள்ள இரண்டை ஒப்பிட்டால், கீழ் ஃப்ரீசர் பொதுவாகச் சற்றுக் கூடுதலாக மின்சாரம் எடுக்கும். குளிர்ந்த காற்று இயல்பாகக் கீழே இறங்கும். இங்கே அதை விசிறி கொண்டு மேலே தள்ள வேண்டியிருக்கிறது. ஃப்ரீசரின் அருகிலேயே, பின்புறக் கீழ்ப்பகுதியில், சூடாகும் கம்ப்ரஸரும் இருக்கிறது. ஆனால் இந்த வேறுபாட்டைவிட ஸ்டார் எண்ணிக்கையால் வரும் வேறுபாடு பெரியது. ஆகவே மின்செலவுக்குப் பயந்து இந்த வகையையே ஒதுக்க வேண்டியதில்லை.

பனியைத் தானாகவே உருக்கிக்கொள்ளும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜுகளுக்கு எரிசக்தித் திறன் வாரியத்தின் (பி.இ.இ.) ஸ்டார் லேபிள் 2010 முதல் கட்டாயமாக உள்ளது. அதில் நட்சத்திரங்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், ஓர் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 250 யூனிட் என்றிருந்தால் இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் அது ஏறத்தாழ 42 யூனிட் ஆகும். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணின் எடை விளங்கும். லேபிளில் உள்ள ஆண்டையும் பாருங்கள். அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது; 2023 ஜனவரியிலும் அப்படி மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய 5 ஸ்டாரும் பிந்தைய 5 ஸ்டாரும் ஒன்றல்ல. பழைய இருப்பைத் தள்ளுபடியில் விற்கும்போது இந்த நுணுக்கம் எளிதில் கண்ணில் படாது.

எத்தனை லிட்டர் வாங்குவது?

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 300 முதல் 350 லிட்டர் வரை போதுமானது. மொத்த லிட்டரை மட்டும் பார்க்காமல் மேலறை எவ்வளவு, ஃப்ரீசர் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். இந்த வகையில் சில மாடல்களின் ஃப்ரீசர் தேவைக்கு மீறிப் பெரிதாக இருக்கும்.

கடையில் எவற்றைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்?

ஃப்ரீசரின் எல்லா டிராயர்களையும் முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி டிராயர் மற்றவற்றைவிட ஆழம் குறைந்து, பாதிப் பெட்டியாக இருப்பதைக் காண்பீர்கள். அதன் பின்னால் கம்ப்ரஸருக்கான மேடு இருப்பதே காரணம். அந்த டிராயரில் முழுக் கோழியோ பெரிய டப்பாவோ அடங்குமா என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். டிராயரின் முன்பக்கப் பிளாஸ்டிக் மெல்லியதாக இருந்து, விரலால் அழுத்தும்போது வளைந்தால், உறைந்த பொருள்களின் எடையோடு தினமும் இழுக்கப்படும்போது அது விரைவில் கீறல் விடும். மாற்று டிராயர் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்றும் அப்போதே கேட்பது நல்லது.

பிறகு, மேலறையின் கண்ணாடித் தட்டுகளை உயரம் மாற்றி வைக்க முடிகிறதா, உங்கள் வீட்டு மாவுப் பாத்திரம் நிமிர்ந்து நிற்குமா என்று பாருங்கள். பாத்திரத்தின் உயரத்தை வீட்டிலேயே அளந்து, எழுதி எடுத்துச் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஃப்ரிட்ஜின் உள்ளே ஒட்டியுள்ள தகட்டில் தட்பவெப்ப வகை ஓரிரு ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்பட்டிருக்கும். டி வகை 43 டிகிரி செல்சியஸ் வரையிலும், எஸ்டி வகை 38 டிகிரி வரையிலும், என் வகை 32 டிகிரி வரையிலும் உள்ள அறை வெப்பத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. மே மாதத்தில் வேலூரிலும் கரூரிலும் மதுரையிலும் வெயில் 40 டிகிரியைத் தொடும் நிலையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழோ மொட்டை மாடிக்கு நேர் கீழோ சமையலறை வைத்திருப்பவர்கள் டி வகையைத் தவிர வேறொன்றை வாங்கக் கூடாது.

வைக்கும் இடத்தை எப்படித் தீர்மானிப்பது?

பலரும் ஃப்ரிட்ஜின் அகலத்தை மட்டும் அளந்துவிட்டுத் திரும்புகிறார்கள். கீழ் ஃப்ரீசரைப் பொறுத்தவரை கதவு எவ்வளவு விரியும் என்பதே முதல் கேள்வி. கதவின் கீல் இருக்கும் பக்கம் சுவரை ஒட்டியிருந்தால் கதவு 90 டிகிரிக்கு மேல் திறக்காது. அப்போது உள்ளே இருக்கும் டிராயர், கதவின் விளிம்பிலும் ரப்பரிலும் இடித்து நின்றுவிடும், வெளியே வராது. டிராயர் வராவிட்டால் பின்புறப் பனியைப் பார்க்கவும் முடியாது, ஃப்ரீசரைக் கழுவவும் முடியாது. எனவே கீல் பக்கம் சில அங்குலங்களாவது சுவரிலிருந்து விலகியிருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அது முடியாவிட்டால் கீலை மறுபக்கத்துக்கு மாற்றக்கூடிய மாடலை வாங்குங்கள். கதவே டிராயராக முன்னோக்கி இழுபடும் மாடலில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் எதிரே ஓர் ஆள் குனிந்து நிற்கும் அளவு தரை வேண்டும்.

பின்புறமும் பக்கங்களிலும் விட வேண்டிய இடைவெளி மாடலுக்கு மாடல் வேறுபடும். கையேட்டில் உள்ளபடி விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் மேற்கு வெயில் விழும் சன்னல் அருகிலும் வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜை வாங்குவதற்கு முன் வாசல் நிலை, படிக்கட்டின் திருப்பம், லிஃப்ட் கதவு ஆகிய மூன்றையும் அளந்துவிடுங்கள்.

ஃப்ரீசரை ஃப்ரிட்ஜாக மாற்றும் வசதி தேவையா?

பொங்கலுக்கோ வளைகாப்புக்கோ காய்கறியும் பாலும் குவியும் சில நாட்களுக்கு அது கைகொடுக்கும். ஆண்டு முழுவதும் அந்த நிலையிலேயே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கு அவ்வளவு பெரிய ஃப்ரீசரே வேண்டியதில்லை என்று பொருள். இதற்கென்று தனியாகப் பணம் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

மீன் வாடையும் மல்லிகை மணமும் மேலறையில் கலக்குமா?

குளிர்விக்கும் சுருள் ஒன்றே ஒன்று உள்ள மாடலில், ஃப்ரீசரில் சுற்றும் காற்றுதான் குழாய் வழியாக மேலறைக்கும் சென்று திரும்புகிறது. ஆகவே சரியாக மூடாத நெத்திலிப் பொட்டலத்தின் வாடை தயிரில் ஏறும். மேலறையில் திறந்து வைத்த மல்லிகைச் சரத்தின் மணம் பாலிலும் ஐஸ் கட்டியிலும் ஏறும். இரண்டு அறைக்கும் தனித்தனிச் சுருள் உள்ள மாடலில் இந்தக் கலப்பு இல்லை. மேலறையின் ஈரப்பதமும் அதில் நன்றாக நிற்பதால் கொத்தமல்லியும் கீரையும் எளிதில் வாடுவதில்லை. விலை சற்று ஏறும். அசைவம் மிகுதியாக வைக்கும் வீட்டுக்கு அந்தக் கூடுதல் விலை தகும். மற்றவர்கள் பூவை எவர்சில்வர் டப்பாவிலும் மீனை இறுக மூடிய பெட்டியிலும் வைத்தால் போதும்.

ஸ்டெபிலைசர் தேவையா? வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

தேவைக்கேற்பத் தன் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இப்போதைய இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் மாடல்கள் பரந்த மின்னழுத்த வரம்பில் இயங்கும்; அந்த வரம்பு கையேட்டில் இருக்கும். உங்கள் தெருவில் மாலை வேளையில் மின்னழுத்தம் அந்த வரம்புக்கும் கீழே போகிறதென்றாலோ, மின்சாரம் விட்டுவிட்டு வந்து பல்பு பளிச்சென்று எரிகிறதென்றாலோ ஸ்டெபிலைசர் வைப்பதே நல்லது. ஏனெனில் முதலில் எரிவது கம்ப்ரஸரன்று, அதை இயக்கும் எலெக்ட்ரானிக் போர்டு. அதன் விலை ஸ்டெபிலைசரின் விலையைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுங்கள். நீட்டிப்பு ஒயரில் ஒருபோதும் மாட்டாதீர்கள்.

சைன் வேவ் வகை வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்ட முடியும் என்றாலும், பனி உருக்கும் ஹீட்டர் இயங்கும் நேரத்தில் மின்தேவை சட்டென்று உயரும். பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும். ஒரு மணி, இரண்டு மணி நேர மின்தடைக்கு இது தேவையே இல்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாள் என்ன செய்வது?

வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே பிளக்கைப் போட வேண்டும். கம்ப்ரஸரிலிருந்து வெளியேறிய எண்ணெய் திரும்பி இறங்க அவகாசம் வேண்டும். முன்பக்கக் கால்களைத் திருகி, முன்புறம் மிகச் சற்றே உயர்ந்திருக்குமாறு வைத்தால் கதவு தானாகவே மூடிக்கொள்ளும். அதன் பிறகு உள்ளே எதையும் வைக்காமல் குளிர விட்டு, போதிய குளிர்ச்சி வந்த பிறகே பொருள்களை அடுக்குங்கள்.

வெப்பநிலையை எவ்வளவில் வைப்பது?

மேலறை 4 டிகிரி செல்சியஸ், ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி. திரையில் காட்டும் எண்ணை நம்பி மட்டும் இருக்க வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்து, காலையில் முதல் வேலையாக அதில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். 5 டிகிரியைத் தாண்டினால் ஒரு படி குளிரைக் கூட்டுங்கள். கொதிக்கக் கொதிக்க எதையும் உள்ளே வைக்கக் கூடாது என்பது சரிதான், ஆனால் ஆறட்டும் என்று மாலை வரை வெளியே விடுவது அதைவிடத் தவறு. சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள், அறை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். பாத்திரத்தைத் தண்ணீர் நிரப்பிய தாம்பாளத்தில் வைத்தால் விரைவில் ஆறும்.

ஃப்ரீசரில் ஐஸ் கல்லாக இருக்கிறது, மேலறை மட்டும் குளிரவில்லை. ஏன்?

இந்த வகை ஃப்ரிட்ஜில் மிகுதியாகக் கேட்கப்படும் புகார் இது. சுருள் கீழே, ஃப்ரீசரின் பின்சுவருக்குள் இருக்கிறது. அங்கே குளிர்ந்த காற்றை விசிறி ஒரு குழாய் வழியாக மேலே அனுப்புகிறது. மேலறைக்குள் எவ்வளவு காற்று வர வேண்டும் என்பதை ஒரு சிறு மடிப்புக் கதவு கட்டுப்படுத்துகிறது. மேலறையில் சூடேறிய காற்று அதன் அடிப்பகுதியில் உள்ள துளைகள் வழியாகத் திரும்பவும் கீழே இறங்குகிறது. இந்தச் சுற்றில் எந்த இடத்தில் தடை வந்தாலும் ஃப்ரீசர் நன்றாகவே இருக்கும், மேலறை மட்டும் வெதுவெதுப்பாகும்.

முதலில் நீங்களே பார்க்க வேண்டியது அந்தத் துளைகளை. பல மாடல்களில் காற்று திரும்பும் துளைகள் மேலறையின் அடிப்பகுதியில், பின்சுவரை ஒட்டி இருக்கும். நம் வீடுகளில் பெரிய மாவுப் பாத்திரம் நிற்கும் இடமும் அதுவேதான். பாத்திரத்தைப் பின்சுவரோடு ஒட்டித் தள்ளினால் காற்றின் வழி அடைபடும். மாவு பொங்கி வழிந்து துளைக்குள் காய்ந்து போயிருப்பதும் உண்டு. மாவு ஃப்ரிட்ஜிலும் மெதுவாகப் புளித்துக்கொண்டேதான் இருக்கும். பாத்திரத்தில் முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாமல், பின்சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். பாலித்தீன் பைகள் காற்றோட்டத்தில் இழுக்கப்பட்டுத் துளையில் ஒட்டிக்கொள்வதையும் கவனியுங்கள்.

துளைகள் திறந்தே இருந்தும் குளிரவில்லை என்றால், ஃப்ரீசரின் டிராயர்களை எடுத்துவிட்டுப் பின்சுவரைப் பாருங்கள். அந்தப் பிளாஸ்டிக் சுவரின் மேல் வெண்பனி படர்ந்திருந்தால், உள்ளே சுருள் முழுவதும் பனிக்கட்டியாக மூடியிருக்கிறது என்று பொருள். பனி உருக்கும் ஹீட்டர், அதன் சென்சார், ஃபியூஸ் ஆகிய மூன்றில் ஒன்று பழுதாகியிருக்கலாம். அல்லது கதவு பல மணி நேரம் சரியாக மூடாமல் இருந்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, பொருள்களை வேறிடத்துக்கு மாற்றி, இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து, அடியில் பழந்துணிகளைப் பரப்பி 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். மீண்டும் ஓட்டிய பிறகு மேலறை நன்றாகக் குளிர்ந்து, ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடியும் இதே நிலை வந்தால் ஹீட்டர் பக்கம்தான் கோளாறு. மெக்கானிக்கிடம் இந்த விவரத்தைச் சொன்னால் அவருக்கு வேலை எளிதாகும். கத்தி, ஸ்குரூடிரைவர் போன்றவற்றால் பனியைக் குத்தவே கூடாது. சுருளில் ஓட்டை விழுந்தால் ஃப்ரிட்ஜின் ஆயுளே முடிந்துவிடும்.

பின்சுவரில் பனியே இல்லை, விசிறியின் சத்தமும் கேட்கவில்லை என்றால் விசிறி மோட்டாரைச் சந்தேகிக்கலாம். கதவு திறந்ததும் விசிறி நின்றுவிடும் மாடல்கள் பல இருப்பதால், கதவை மூடிக் காதை வைத்துக் கேட்க வேண்டும்.

ஃப்ரீசரின் அடியில் பனித்தகடு உறைகிறது. முன்பக்கம் தண்ணீர் கசிகிறது. என்ன செய்வது?

ஒரு நாளில் சில முறை ஹீட்டர் இயங்கி, சுருளில் படிந்த பனியை உருக்குகிறது. அந்தத் தண்ணீர் சுருளுக்கு அடியில் உள்ள வடிகால் வழியாக, குழாயில் இறங்கி, கம்ப்ரஸருக்கு மேலுள்ள தட்டில் விழுந்து, கம்ப்ரஸரின் சூட்டில் ஆவியாக வேண்டும். கீழ் ஃப்ரீசரில் சுருள் ஏற்கெனவே தரைக்கு அருகில் இருப்பதால் இந்தக் குழாய் குட்டையானது. மேலறையிலிருந்து அடித்து வந்த கருவேப்பிலைத் துணுக்கோ தூசியோ வாயில் நின்றால், அங்கே தேங்கும் தண்ணீர் உறைந்து துளையை அடைத்துவிடும். அடுத்த முறை உருகும் தண்ணீருக்கு வழியில்லாமல் அது ஃப்ரீசரின் தரையில் பரவி, கடைசி டிராயருக்கு அடியில் கண்ணாடிபோல் உறைகிறது. தகடு தடித்து டிராயர் இழுபடாமல் நிற்கும்போதுதான் பலரும் கவனிக்கிறார்கள். பிறகு கதவு ரப்பரைத் தாண்டித் தண்ணீர் தரைக்கு வரும்.

பிளக்கைப் பிடுங்கி முழுவதுமாகப் பனியை உருக விட்ட பின், வடிகால் துளை கண்ணுக்குத் தெரியும் மாடலாக இருந்தால், ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து மெதுவாகச் செலுத்துங்கள். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் வெடிக்கும். பின்புறத் தட்டில் தண்ணீர் விழும் ஓசை கேட்டால் வழி திறந்துவிட்டது. சில மாடல்களில் குழாயின் கீழ்முனையில் ஒரு ரப்பர் வாய் இருக்கும். அதில் தூசி பிசுபிசுப்பாக ஒட்டி மூடிக்கொள்வதால் அடைப்பு திரும்பத் திரும்ப வரும். அதையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். துளை பின்சுவருக்குள் மறைந்திருக்கும் மாடலில் சுவரைக் கழற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

பின்புறத் தட்டைக் கழுவ வேண்டுமா?

கட்டாயம் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த, தேங்கிய நீரில் முட்டையிடும். ஃப்ரிட்ஜின் பின்னால் இருட்டில் கிடக்கும் இந்தத் தட்டு அதற்கு ஏற்ற இடம். மழைக்காலத்தில் வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் நேராக ஃப்ரிட்ஜின் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பது இதனால்தான். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை போதும் என்பதால், வாரம் ஒரு முறை தட்டை எடுத்துக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் காய வைக்க வேண்டும். தண்ணீரை மட்டும் கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டைகள் அப்படியே இருக்கும். தட்டைக் கழற்ற முடியாத மாடலில், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, துணியாலோ ஸ்பாஞ்சாலோ தண்ணீரை ஒற்றி எடுங்கள். அந்த வேளையிலேயே கரப்பான், பல்லி, எலி ஆகியவை கம்ப்ரஸர் பக்கம் குடிபுகுந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

கதவு ரப்பர் சரியாக இருக்கிறதா என்று எப்படி அறிவது?

ஒரு தாளைப் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்குமாறு வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் படியவில்லை. ஃப்ரீசர் கதவின் கீழ் விளிம்பைக் குறிப்பாகச் சோதியுங்கள். தரை துடைக்கும்போது மாப் இடிப்பதும், சிந்திய ஐஸ் தண்ணீர் தேங்குவதும், சோற்றுப் பருக்கை விழுந்து ஒட்டுவதும் அங்கேதான். மடிப்புகளுக்குள் கறுப்பாகப் பூஞ்சை படிந்திருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, ஈரமில்லாமல் துடையுங்கள்.

பக்கச் சுவர்கள் சுடுகின்றன. அவ்வப்போது வெடிப்பதுபோல் சத்தம் வருகிறது. இது கோளாறா?

இல்லை. வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள் பதிக்கப்பட்டிருப்பதால் அவை சுடுவது இயல்பு. பனி உருக்கும் வேளையில் பிளாஸ்டிக் விரிந்து சுருங்கும்போது டொக்கென்று ஒலிக்கும். குளிர்விக்கும் வாயு ஓடும்போது தண்ணீர் கொப்பளிப்பதுபோல் கேட்கும். தொடர்ந்து உரசும் சத்தம் வந்தால் மட்டும் விசிறியில் பனி தட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

மின்தடையின்போது பொருள்கள் எவ்வளவு நேரம் தாங்கும்?

கதவைத் திறக்காமல் இருந்தால் மேலறை 4 மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்த ஃப்ரீசர் 24 மணி நேரமும் குளிரைக் காக்கும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை தரும் கணக்கு. நம் கோடை வெயிலுக்கு அதைவிடக் குறைத்தே எண்ணிக்கொள்ள வேண்டும். டிராயர் அமைப்பு இங்கே உதவுகிறது; ஒன்றை இழுத்தாலும் மற்றவற்றில் உள்ள குளிர்ந்த காற்று கொட்டிவிடுவதில்லை. புயல் எச்சரிக்கை வந்தவுடன் காலி இடங்களில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உறைய வைத்துவிடுங்கள். மின்சாரம் வந்த பிறகு, உருகி வெதுவெதுப்பாகிவிட்ட மீனையும் கறியையும் மறுபடி உறைய வைத்துப் பயன்படுத்தக் கூடாது.

மெக்கானிக் "கேஸ் போய்விட்டது" என்கிறார். நம்பலாமா?

கேஸ் என்பது மூடிய குழாய்க்குள் சுற்றும் குளிர்விக்கும் வாயு. பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்வதன்று. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பிச் செல்பவர் சில வாரங்களில் திரும்பவும் வர வேண்டியிருக்கும். ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் கல்லாக இருக்கும்போது யாராவது இப்படிச் சொன்னால், முதலில் விசிறியையும் பனியையும் பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்றால் குழாய்களும் இணைப்புகளும் அரிக்கப்படுவது உண்மைதான். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற இடங்களில் கசிவுப் புகார் முழுக்கப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

இன்றைய ஃப்ரிட்ஜுகளில் பெரும்பாலும் ஆர்-600ஏ என்னும் ஐசோபியூட்டேன் வாயு இருக்கிறது. அது தீப்பற்றக் கூடியது. ஆனால் சில பத்து கிராம் அளவுதான் இருக்கும். அளவு இவ்வளவு குறைவாக இருப்பதாலேயே, தராசில் நிறுத்து நிரப்புவது அவசியம். காற்றோட்டமில்லாத அறையில், பழைய வாயு வெளியேறும் முன் குழாயை நெருப்பால் சூடாக்கி ஒட்டுவது ஆபத்தானது. இந்த வாயுவில் பயிற்சி உள்ளவரா என்று கேட்டுவிட்டு வேலையை ஒப்படையுங்கள்.

"10 ஆண்டு வாரண்டி" என்பது எதற்கு?

பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். போர்டு, விசிறி, ஹீட்டர், டிராயர், கதவு ரப்பர் ஆகியவை பொதுவாக முதல் ஆண்டு வாரண்டியோடு நின்றுவிடும். கம்ப்ரஸரை இலவசமாகக் கொடுத்தாலும் கேஸுக்கும் கூலிக்கும் பணம் கேட்கப்படலாம். வாரண்டி அட்டையில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். உங்கள் ஊரிலேயே சர்வீஸ் மையம் உள்ள நிறுவனமா என்பது, இன்னும் ஒரு நட்சத்திரம் கூடுதலாக இருப்பதைவிட முக்கியம் என்பது எங்கள் கருத்து.

ஒரு மாதம் வெளியூர் போகும்போது அணைத்துவிடலாமா?

அணைத்துவிடலாம். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது சமையல் சோடா கரைத்துத் துடைத்து, வடிகால் தட்டையும் காலி செய்து, ஈரம் காய்ந்த பிறகு இரண்டு கதவுகளையும் சற்றே திறந்த நிலையில் ஒரு துணிச்சுருளைச் செருகி வையுங்கள். மூடி வைத்தால் திரும்பி வரும்போது பூஞ்சையும் வாடையும்தான் வரவேற்கும்.

பழைய ஃப்ரிட்ஜை என்ன செய்வது?

2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்கீழ் ஃப்ரிட்ஜும் வருகிறது. புதியது வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கலாம், அல்லது பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போட்டால் அவர் செம்புக்காகக் குழாயை வெட்டுவார். உள்ளே இருக்கும் வாயு காற்றில் கலக்கும். எடுத்துச் செல்லும் வரை வராந்தாவில் கிடக்க வேண்டியிருந்தால் கதவுகளைக் கழற்றி வையுங்கள். குழந்தைகள் உள்ளே புகுந்து மூடிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.